கடல்வரை ஓடிய பையன்

'நானூறு அடிகள்' படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பிலிம் சொசைட்டியில், கீறல் விழுந்த 16 மி.மீ. பிரதியில். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிய பையன் ஓடுகிறான். வெகுநேரம் ஓடுகிறான். காமிராவும் கூடவே வருகிறது. கடலுக்கு வந்துசேர்ந்ததும் தண்ணீரில் கால் வைத்து நாலடி நடந்து, திரும்பி, நம்மைப் பார்க்கிறான். பிம்பம் அப்படியே உறைந்துவிடுகிறது. பிரொஜக்டர் சிக்கிக்கொண்டது என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருவர் சத்தம் போட்டார். விளக்கைப் போட்ட பிறகுதான் அதுவே முடிவு என்று எங்களுக்குப் புரிந்தது.

அந்தப் பையன் ழான் பியேர் லேயோ. 1944 மே மாதம் பாரிஸில் பிறந்தவன். படம் எடுக்கத் தொடங்கியபோது வயது 14. 1959ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு 57 வருஷங்களுக்குப் பிறகு, 2016ல், ஆல்பெர்ட் ஸெர்ராவின் 'பதினான்காம் லூயியின் மரணம்' படத்தில் அதே முகம் மறுபடியும் நேராகக் காமிராவைப் பார்க்கிறது. இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையில் நடந்ததைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிறு சங்கடம். தமிழில் ஒருவனைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவுசெய்தாக வேண்டும். லேயோவைப் பற்றிய என் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், அவருக்கு முப்பது வயதாகிவிட்ட காலத்துப் படங்களைப் பற்றியும் 'அவன்' என்றே எழுதியிருக்கிறேன். இது என் அலட்சியம் மட்டும் அல்ல என்று இப்போது படுகிறது. அவரை ஆள் ஆகவிடாமல் வைத்திருந்ததில் சினிமாவுக்கும் ரசிகர்களுக்கும் சம பங்கு உண்டு. எந்தப் படத்தில் 'அவன்' 'அவர்' ஆனான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

குழந்தை நடிகர்களைச் சினிமா பொதுவாக ஒரு தடவை பயன்படுத்திக்கொண்டு விட்டுவிடும். 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தில் அப்பாவின் பின்னால் ஓடிய என்ஸோ ஸ்டாயோலா சில படங்களோடு விலகிவிட்டார். 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) அப்புவாக வந்த சுபீர் பானர்ஜி அதற்குப் பிறகு நடிக்கவில்லை. அப்பு வளர வளர ராய் உடலை மாற்றிக்கொண்டே போனார். 'அபராஜிதோ'வில் இரண்டு பையன்கள், 1959ல் 'அபுர் சன்ஸார்' வந்தபோது சௌமித்ர சாட்டர்ஜி. நாம் பார்த்துக்கொண்டிருந்தது அப்பு என்ற கருத்து வளர்வதை. சுபீர் பானர்ஜி என்கிற சிறுவன் தன் வாழ்க்கைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் எப்படி வளர்ந்தார், யாரைக் காதலித்தார், எப்போது முடி நரைத்தது என்பதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம். இதில் ஒரு தர்மம் இருக்கிறது.

அதே 1959ல் த்ரூஃபோ தொடங்கிவைத்தது இதற்கு நேர் எதிரான காரியம். 20 வருஷங்களில் ஐந்து படங்கள்: 'நானூறு அடிகள்' (1959), 'அந்த்வானும் கொலெத்தும்' (1962), 'திருடிய முத்தங்கள்' (1968), 'தம்பதியர் இல்லம்' (1970), 'ஓடும் காதல்' (1979). பாத்திரம் ஒன்று, அந்த்வான் துவானேல். உடலும் ஒன்றே. பையனின் குரல் உடைவதும் தாடை நீள்வதும் படத்தில் பதிவாகின்றன. முதல் சம்பளம், முதல் தோல்வி, கல்யாணம், குழந்தை, விவாகரத்து எல்லாம் பாத்திரத்துக்கு நடந்தவை. ஆனால் வயதானது நடிகருக்கு.

அந்தப் பையன் கிடைத்த விதம் தெரிந்ததே. 1958ல் த்ரூஃபோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பையன்களைத் தேடினார். லேயோவின் தாய் ழாக்லின் பியரோ நடிகை. தந்தை சினிமாவுக்கு எழுதியவர். பையன் விடுதிப் பள்ளியில் அடங்காமல் இருந்தவன். த்ரூஃபோவுக்கு அப்போது வயது 26. தன் தகப்பன் யாரென்று தெரியாமல் வளர்ந்தவர். வளர்ப்புத் தந்தையே அவரைப் போலீஸில் ஒப்படைத்ததுண்டு. சீர்திருத்த மையத்திலிருந்தும், பிற்பாடு ராணுவத்தை விட்டு ஓடியதற்காக அடைபட்ட சிறையிலிருந்தும் அவரை மீட்டுத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் விமர்சகர் ஆந்த்ரே பாஸான். 'நானூறு அடிகள்' படப்பிடிப்பு 1958 நவம்பர் 10ல் தொடங்கியது. ஒரு நாளுக்குள் பாஸான் இறந்துபோனார். அவருக்கு வயது 40. படம் அவருக்குச் சமர்ப்பணம். தன்னை வளர்த்தவரை இழந்த அதே வேளையில் த்ரூஃபோ ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதை யாரும் ஜோடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

த்ரூஃபோ மனசில் வைத்திருந்த அந்த்வான் தன்னைப் போன்றவன். ஒடுங்கியவன், ஒளிந்துகொள்கிறவன். வந்து நின்ற லேயோ வாய்த்துடுக்குக்காரன், எதிர்த்து நிற்பவன். த்ரூஃபோ புத்திசாலி, பையனைத் திருத்துவதற்குப் பதில் பிரதியைத் திருத்தினார். படத்தின் தலைப்பில்கூட இந்த வித்தியாசம் இருக்கிறது. பிரெஞ்சில் 'நானூறு அடி அடிப்பது' என்றால் கட்டுக்கடங்காமல் அட்டகாசம் பண்ணித் திரிவது. ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் அது அடிவாங்கிய பையனின் கதையாகிவிட்டது. நாமும் ஆங்கிலத்தின் வழியே அதை எடுத்துக்கொண்டோம். த்ரூஃபோவின் ஞாபகத்தில் இருந்தவன் அடிபட்ட பையன். லேயோ கொண்டுவந்தது அட்டகாசம். இரண்டும் சேர்ந்ததுதான் துவானேல்.

படத்தின் நடுவில் மனோதத்துவ நிபுணர் கேள்வி கேட்கும் காட்சி வருகிறது. கேட்பவள் திரையில் தெரிவதில்லை. பையன் மேஜைமேல் கைவைத்து, விரல்களைப் பிசைந்துகொண்டு, பொய் சொல்வது ஏன், அம்மா தன்னை விரும்பினாளா என்பதற்கெல்லாம் பதில் சொல்கிறான். பதில்கள் எழுதித் தரப்பட்டவை அல்ல. அங்கேயே அவன் வாயில் வந்தவை. அந்தக் காட்சியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சொல்வது அந்த்வானா லேயோவா என்று பிரிக்க முடிவதில்லை. 14 வயசில் ஒருவன் தெரியாமல் கொடுத்துவிட்டது அது. கொடுத்தபின் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

1959 மே மாதம் கான் விழாவில் த்ரூஃபோவுக்குச் சிறந்த டைரக்டர் பரிசு. முந்தின வருஷம் இதே விழா அவரை, அவருடைய விமர்சனங்களுக்காக, உள்ளே விட மறுத்திருந்தது. பையன் ஒரே வாரத்தில் பிரபலம். பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு அவனுக்கு ஒத்துவரவில்லை. த்ரூஃபோ பொறுப்பேற்றுக்கொண்டார். தங்க இடம் பார்த்தார், பிற்பாடு தன் படத்தில் உதவியாளனாக வைத்துக்கொண்டார். இப்படியாக லேயோவுக்கு சினிமாவே பள்ளிக்கூடமும் வீடுமாயிற்று. பாஸான் தனக்குச் செய்ததை த்ரூஃபோ இவனுக்குச் செய்தார். ஆனால் ஒரு வித்தியாசம். பாஸான் த்ரூஃபோவின் கதையைப் படம் எடுக்கவில்லை.

'அந்த்வானும் கொலெத்தும்' அரைமணி நேரப் படம்தான். அந்த்வான் இப்போது இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை செய்கிறான். கச்சேரியில் பார்த்த பெண்ணுக்காக அவள் வீட்டுக்கு எதிரிலேயே அறை எடுத்துக் குடிவருகிறான். அவளுக்கு இவனைப் பிடிப்பதில்லை; அவளுடைய பெற்றோருக்கு ரொம்பப் பிடித்துப்போகிறது. கடைசியில் அவள் வேறொருவனோடு வெளியே போக, இவன் அவள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கிறான். சிரிக்கத்தான் வைக்கிறது. ஆனால் அந்த்வான் காதலியைத் தேடிப் போகும் இடத்திலெல்லாம் ஒரு குடும்பத்தைத்தான் தேடுகிறான் என்பது அந்தச் சோபாவில் தெரிந்துவிடுகிறது. 'திருடிய முத்தங்க'ளிலும் அவன் முதலில் போய்ச் சேர்வது பெண்ணின் பெற்றோரிடம்தான்.

இந்த இடத்தில் இரண்டாவது தகப்பன் வருகிறார். கோதார். த்ரூஃபோவுக்கு லேயோவிடம் வேண்டியிருந்தது கடந்தகாலம். கோதாருக்கு வேண்டியிருந்தது நிகழ்காலம். 1965 டிசம்பரில் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலில் மும்முரமாக இருந்தபோது எடுத்த 'ஆண்பால் பெண்பால்' (1966) படத்தில் லேயோ ராணுவ சேவை முடித்து வந்த பால் என்ற இளைஞன். அரசியல் பேசுகிறான், ஒரு பாப் பாடகியைக் காதலிக்கிறான், சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கப் பார்க்கிறான். பெர்லின் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி அவனுக்குக் கிடைத்தது. பிரான்ஸில் அந்தப் படத்தை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கத் தடை. அதாவது யாரைப் பற்றிய படமோ அவர்களில் பாதிப்பேருக்கு அனுமதி இல்லை. அடுத்த வருஷம் 'சீனப் பெண்' (1967). அதில் அவன் மாவோவாதி நடிகன். மாஸ்கோவில் அடிபட்டதாகச் சொல்லி முகமெல்லாம் கட்டுப் போட்டு வந்து, நிருபர்கள் முன் கட்டைப் பிரிக்க, முகத்தில் காயமே இல்லாமல் நின்ற சீன மாணவனின் கதையைச் சொல்லி, கட்டைச் சுற்றிப் பிரித்து நடித்தும் காட்டுகிறான். அதுதான் நாடகம் என்கிறான். அதே 1967ல் போலந்துக்காரரான ஸ்கோலிமோவ்ஸ்கி பிரஸ்ஸல்ஸில் எடுத்த 'புறப்பாடு' பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. அதில் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்த முடிதிருத்தும் கடைப் பையன் லேயோ.

1968 பிப்ரவரி 9ல் பிரெஞ்சு சினிமாதெக்கின் ஸ்தாபகர் ஆன்ரி லாங்லுவாவை அரசு பதவியிலிருந்து நீக்கியது. 'திருடிய முத்தங்கள்' படப்பிடிப்பு தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. படம் லாங்லுவாவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. பூட்டிக்கிடக்கும் சினிமாதெக் வாசலோடு ஆரம்பிக்கிறது. டைரக்டரும் நடிகனும் படப்பிடிப்புக்கும் ஆர்ப்பாட்டத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் முன் நின்று லேயோ துண்டறிக்கையை உரக்கப் படித்தது ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 35 வருஷங்கள் கழித்து பெர்டோலூச்சி 'கனவு காண்பவர்கள்' (2003) எடுத்தபோது லேயோவையே கூப்பிட்டு அதே அறிக்கையைப் படிக்கவைத்தார். பழைய கறுப்பு வெள்ளைத் துண்டும் புதிய வண்ணத் துண்டும் மாறி மாறி வருகின்றன. கைவீச்சும் குரலின் ஏற்றமும் மாறவில்லை. முகம் மட்டும் மாறிவிட்டது. இதைப் பார்த்து உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் குரூரமாகப் பட்டது.

லேயோவுக்கு நடிக்கத் தெரியாது என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. எல்லாப் படத்திலும் அதே கைவீச்சு, நெற்றியில் விழும் முடியைத் தள்ளிவிடுவது, பாடம் ஒப்பிப்பதுபோல் வசனம் பேசுவது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இதைத் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிட்டால் முக்கியமான விஷயம் கைநழுவிவிடும். சிறுவனாக அவனிடம் எல்லோரும் மெச்சியது இயல்பு. உலகம் முழுவதும் பார்க்க ஒரு தடவை இயல்பாக இருந்துவிட்டவனால் மறுபடியும் அப்படி இருக்க முடியாது. இருப்பதுபோல் பாவனை செய்யலாம். பல குழந்தை நட்சத்திரங்கள் அதைத்தான் செய்து அழிந்தார்கள். லேயோ அதைச் செய்யவில்லை. தான் பார்க்கப்படுகிறோம் என்ற பிரக்ஞையையே நடிப்பாக்கிக்கொண்டான். 'திருடிய முத்தங்க'ளில் கண்ணாடி முன் நின்றுகொண்டு, தான் மயங்கிய சீமாட்டியின் பெயரை, தன்னை விரும்பும் பெண்ணின் பெயரை, கடைசியில் தன் சொந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப, வேகம் கூடக் கூட, மூச்சு முட்டும்வரை சொல்கிறான். அந்த்வான் துவானேல் என்ற பெயரை அவன் சொல்லச் சொல்ல அது பெயராகவே இல்லாமல் போய் வெறும் சத்தமாகிறது. அந்தப் பெயரை ஒன்பது வருஷம் சுமந்தவனுக்குத்தான் அப்படிச் சொல்லவரும்.

ஆனால் இந்தக் காலம் முழுவதும் என் பேனாவில் 'அவன்' என்றுதான் வருகிறது. 'தம்பதியர் இல்லம்' படத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்ட பிறகும் அப்படித்தான். முற்றத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பூக்களுக்குச் சாயம் ஏற்றுவது அவன் தொழில். அடுத்த வேலையில் பொம்மைக் கப்பல்களை ஓட்டுகிறான். வேலைகள்கூட விளையாட்டுச் சாமான்கள். 1971ல் 'இரண்டு ஆங்கிலப் பெண்கள்' முடியும்போது லேயோ ஒரு கார் ஜன்னலில் தன் பிம்பத்தைப் பார்த்து, வயதாகிவிட்டதே என்று திடுக்கிடுகிறான். த்ரூஃபோவுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. ஆனால் பையன் வளர்வதைப் பார்க்க விரும்பியவருக்கு வளர்ந்து முடிவதைப் பார்க்க மனசில்லை.

1973 மே மாதம் கான் விழாவில் லேயோ நடித்த இரண்டு படங்கள். ஒன்று த்ரூஃபோவின் 'அமெரிக்க இரவு'. அதில் த்ரூஃபோவே டைரக்டராக வர, லேயோ அல்ஃபோன்ஸ் என்ற நடிகன். காதலி ஓடிப்போனதும் அறையில் முடங்கிக்கொண்டு படப்பிடிப்பையே நிறுத்திவைக்கும் வளராத பிள்ளை. டைரக்டர் வந்து தட்டிக்கொடுக்கிறார். நம்மைப் போன்றவர்களுக்கு வேலையில்தான் சந்தோஷம் என்கிற மாதிரி தேற்றுகிறார். இன்னொன்று ழான் யூஸ்தாஷின் 'தாயும் வேசியும்'. ஜூரியின் சிறப்புப் பரிசு பெற்றது. கறுப்பு வெள்ளையில், மூன்றரை மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் காபிக் கடைகளிலும் அறைகளிலும் நடக்கும் பேச்சு. லேயோ அதில் அலெக்ஸாந்தர். வேலை இல்லை. மரீ என்பவளின் வீட்டில், அவள் பணத்தில் வாழ்க்கை. 1968 மே முடிந்து ஐந்து வருஷம் ஆகியும் காபிக் கடை மேஜையை விட்டு எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார்.

இங்கே நான் யோசிக்காமலே 'இருக்கிறார்' என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

யூஸ்தாஷ் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அனுமதிக்கவில்லை. இதற்கு இரண்டு வருஷம் முன்பு ரிவெத்தின் 12 மணி நேரத்துக்கும் மேற்பட்ட 'அவுட் 1' (1971) படத்தில் வசனமே எழுதாமல், ஊமையாகப் பாவனை செய்யும் ஒருவனாகக் கடை கடையாக மவுத்ஆர்கன் ஊதிக்கொண்டு திரிந்தவர் லேயோ. 14 வயசில் எழுதாத பதில்களால் உலகைக் கவர்ந்தவர். அவரிடம் இப்போது பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்து, ஒப்பியுங்கள் என்றார் யூஸ்தாஷ். விடுதலை அங்கேதான் கிடைத்தது. தன் சொந்தக் குழந்தைப்பருவத்தை விற்க வேண்டிய அவசியம் இல்லாமல், இன்னொருவர் எழுதிய சொற்களுக்குப் பின்னால் நிற்க லேயோவுக்கு முதல்தடவையாக வாய்ப்பு. அந்தப் பழைய வசீகரம், கைவீச்சு, துடுக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. படத்தின் பிற்பகுதியில் வெரோனிகா நேராகக் காமிராவை நோக்கி அழுதுகொண்டு பேசுகிறாள். அலெக்ஸாந்தர் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். துவானேல் படங்களில் பெண்கள் அவன் பேச்சைக் கேட்பார்கள். இதில் முதல்தடவையாக அவர் கேட்கிறார். கடைசியில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். அவள் குமட்டி வாந்தி எடுக்கிறாள். அவர் தரையில் சரிந்து உட்கார்ந்து வெறிக்க, படம் முடிகிறது. ஓடுவதற்குக் கடல் இல்லை.

ஆள் ஆவது என்றால் கல்யாணம், குழந்தை, தொழில் என்று சினிமா காட்டும். யூஸ்தாஷ் காட்டியது வேறு. தன் வசீகரம் இனிச் செல்லாது என்று ஒருவனுக்குத் தெரியவரும் நிமிஷம் அது. யூஸ்தாஷ் 1981ல் தற்கொலை செய்துகொண்டார்.

அதே 1973ல் இரண்டு தகப்பன்களும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். 'அமெரிக்க இரவு' பொய் சொல்லும் படம் என்று கோதார் த்ரூஃபோவுக்குக் கடிதம் எழுதினார். தன் அடுத்த படத்துக்குப் பணமும் கேட்டார். கூடவே லேயோவுக்கு ஒரு கடிதம் வைத்திருந்தார். த்ரூஃபோ அதை லேயோவிடம் சேர்ப்பிக்காமல் திருப்பி அனுப்பினார். பக்கம் பக்கமாக நீண்ட அவருடைய பதிலில் கோபம் தெறிப்பதற்கு ஒரு காரணம், கோதார் லேயோவை நடத்திய விதம். பிற்பாடு இந்தக் கடிதங்கள் அச்சில் வந்தபோது எல்லோரும் அரசியலையும் அழகியலையும் பற்றி விவாதித்தார்கள். 29 வயசு ஆளுக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் பிரித்துப் படித்து, அவருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவுசெய்ததை யாரும் விசேஷமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காப்பாற்றத்தான் செய்தார். பையனைக் காப்பாற்றுவதுபோல.

'ஓடும் காதல்' (1979) பலவீனமான படம். த்ரூஃபோவுக்கே அதில் திருப்தியில்லை. அந்த்வானுக்கு விவாகரத்து ஆகிறது, அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறான், நாவல் எழுதியிருக்கிறான். முந்தைய நான்கு படங்களிலிருந்தும் துண்டுகளை வெட்டி ஞாபகங்களாகச் செருகியிருக்கிறார்கள். மற்ற டைரக்டர்கள் கடந்தகாலத்தைக் காட்ட வேறு பையனைத் தேடி, ஒப்பனை போட்டு எடுக்க வேண்டும். த்ரூஃபோவுக்கு அலமாரியைத் திறந்தால் போதும். இது அசாதாரணமான வசதி. ஆனால் ஞாபகம் என்பது மாறுவது, அழிவது, பொய் சொல்வது. அந்த்வானின் ஞாபகங்கள் மாறவே மாட்டா. அவை நெகடிவில் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் 34 வயசு லேயோ அவற்றுக்கு முன் வெளிறிப்போகிறார். த்ரூஃபோ சேமித்துவைத்த சொத்து வாரிசையே விழுங்கிவிட்டது.

எனினும் அதில் ஒரு காட்சி இருக்கிறது. 'நானூறு அடிக'ளில் பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம் கேட்டபோது, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று அந்த்வான் பொய் சொன்னான். 20 வருஷம் கழித்து, அம்மாவின் பழைய காதலர் அவனை மோன்மார்த்ர் கல்லறைக்கு அழைத்துப் போய் அவள் சமாதியைக் காட்டுகிறார். பொய் உண்மையாகிவிட்டது. இதைச் சாதிக்க அதே உடல் 20 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. உடலை மாற்றிக்கொண்டு போன எந்தக் கலைஞராலும் இது முடியாது. த்ரூஃபோ 1984 அக்டோபரில் 52 வயதில் இறந்தார். அவரையும் அதே மோன்மார்த்ர் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு லேயோவைக் கூப்பிட்டவர்களில் பலர், சிறு வயதில் அந்த உறைந்த முகத்தைப் பார்த்து சினிமாவுக்கு வந்தவர்கள். ஃபின்லாந்தின் கௌரிஸ்மாகி 1990ல் அவரை லண்டனில் வேலை போன பிரெஞ்சுக்காரராக்கினார். அவர் தற்கொலைக்கு முயல்கிறார், முடியவில்லை. தன்னைக் கொல்லக் கூலிக்கு ஆள் வைக்கிறார். அதன்பின் காதல் வந்துவிடுகிறது. அஸாயாஸின் 'இர்மா வெப்'பில் (1996) நிலைகுலைந்துபோகும் டைரக்டர். தைவானின் ட்ஸாய் மிங் லியாங் எடுத்த 'அங்கே மணி என்ன?' (2001) படத்தில் தகப்பனை இழந்த இளைஞன் தைபேயில் தன் அறையில் 'நானூறு அடிகள்' வீடியோவைப் பார்க்கிறான். பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்து பெஞ்சில், அவன் நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு வயதான மனிதர். தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, பெயர் ழான் பியேர் என்கிறார். அவ்வளவுதான். டெலிவிஷனில் பால்புட்டி திருடும் சிறுவனும் பெஞ்சில் இருப்பவரும் ஒருவரே என்று அந்த இருவருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். ட்ஸாய் தாமே லீ காங் ஷெங் என்ற ஒரே நடிகரை 1992லிருந்து படத்துக்குப் படம் தொடர்ந்து எடுத்துவந்தவர். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று கேட்டுக்கொள்ளத்தான் லேயோவைத் தேடிப் போனார் என்று நினைக்கிறேன்.

2016ல் கான் விழா லேயோவுக்குக் கௌரவத் தங்கப் பனை கொடுத்தது. அதே விழாவில்தான் ஸெர்ராவின் படமும். பதினான்காம் லூயி 1715 செப்டம்பர் 1ல், 72 வருஷ ஆட்சிக்குப் பின், கால் அழுகி இறந்தார். படம் அந்தக் கடைசி நாட்கள் மட்டுமே. ஒரே அறை, ஒரே படுக்கை, பெரிய பொய்முடி. வைத்தியர்கள் முணுமுணுக்கிறார்கள். ராஜா ஒரு முட்டை சாப்பிட்டால் அரசவையினர் கை தட்டுகிறார்கள். கைவீச்சு இல்லை, ஓட்டம் இல்லை. கால் கறுத்துக்கொண்டு வருகிறது. வாழ்நாள் முழுவதும் ஓடியே பேர் வாங்கிய நடிகருக்கு, கால் போகும் பாத்திரம்.

படத்தில் ஓரிடத்தில் மோட்ஸார்ட்டின் ஒரு திருப்பலி இசை எழுகிறது. லூயி நம்மைப் பார்க்கிறார். நீண்ட நேரம். இது உறைந்த பிம்பம் அல்ல. கண் அசைகிறது, கன்னம் நடுங்குகிறது, மூச்சு வருகிறது. இதை நான் வீட்டில் சின்னத் திரையில் தனியாகப் பார்த்தேன். பின்வரிசையில் சத்தம் போட யாரும் இல்லை. அந்த 14 வயசுப் பையன் பார்த்தபோது, இனி என்ன என்று அவன் நம்மைக் கேட்பதாக எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழவர் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, பாருங்கள் என்பதுபோல் இருக்கிறது.

த்ரூஃபோ செய்தது சரியா என்ற கேள்விக்கு என்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அந்தப் பையனை விட்டுவிட்டிருந்தால் லேயோவுக்கு ஒரு சாதாரண வாழ்க்கை கிடைத்திருக்கலாம்; நமக்கு 'தாயும் வேசியும்' கிடைத்திருக்காது, லூயியின் பார்வையும் கிடைத்திருக்காது. கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடுவது நமக்கு வசதி. கொடுத்தது நாம் இல்லை. 14 வயதில் மேஜைமேல் கைவைத்து விரலைப் பிசைந்துகொண்டு பதில் சொன்னவனுக்கு, இந்தக் கேள்விகள் 57 வருஷம் நீளும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காமிரா வந்த இடத்துக்கெல்லாம் வந்து நின்றார்.

ராஜா இறந்ததும் வைத்தியர்கள் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துப் பார்க்கிறார்கள். தலைமை வைத்தியர் நம் பக்கம் திரும்பி, அடுத்த தடவை இதைவிட நன்றாகச் செய்வோம் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்கிறார். படம் முடிகிறது. நான் திரையை அணைத்துவிட்டு வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.